பெற்றோர் வேண்டுகோளின்படி

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானவுடன், ‘பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று குழந்தைகளின் முகங்களை வரிசையாக அச்சிட்டு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நிறுத்துகிற பதாகைகளை, அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 31 வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. இந்த வருஷம் அப்படி நின்றபோது, அந்தப் பதாகையில் இடம்பெறாமல் போன முகங்கள் எத்தனை என்ற எண்ணமே மேலோங்கி நின்றது. அதன் காரணத்தையும் அதில் அடங்கியுள்ள அநீதியையும் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பொதுஜனங்களுக்கும் கல்வித் துறைக்கும் தெரிவித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பதினைந்து வயது நடக்கிறது. மார்கழி பிறந்தால், நான் வாசல் தெளித்து முடிக்கும் வரை பொறுக்காமல் கோலப்பொடி டப்பாவுடன் நிலைப்படியில் வந்து நிற்கும் அந்தப் பெண், சென்ற மார்கழி முழுவதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். ஆடி மாதத்திலிருந்தே வயிற்றுவலி என்பாள், தலைவலி என்பாள். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். ரத்தம் குறைவென்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், தைராய்டும் பரிசோதித்தார்கள். சாயங்காலம் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் காலையில் வைத்த தயிர்சாதம் வைத்தபடியே இருக்கும்; ஓரத்தில் வைத்த ஊறுகாய்கூட இடம் மாறியிராது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் எரிந்து விழுவாள். அழுதுகொண்டிருந்தாலாவது துக்கம் என்று தெரிந்துகொண்டிருப்போம். எரிந்து விழுந்தபடியால் திமிர் என்று தீர்மானித்தோம். பெரிய மனுஷி ஆனதிலிருந்தே இப்படித்தான், திருஷ்டி கழியுங்கள் என்றார்கள் உறவினர். காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் குழந்தையின் காதில் விழும்படியே சொன்னவர்களும் உண்டு.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில், ஒரு பெண் மருத்துவர் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவளிடம் தனியாக அரைமணி நேரம் பேசினார். பிறகு என்னை அழைத்து, “இது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லைம்மா, மனச்சோர்வுங்கிற வியாதி. இந்த வயசுப் பிள்ளைங்களுக்குச் சோகம் கோபமாத்தான் வெளியே வரும்” என்றார். தூக்கம், பசி, விருப்பம், ஞாபகம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேலாகக் குலைந்து கிடந்தால் காத்திருக்கக்கூடாது என்றும், பேசித் தீர்க்கிற சிகிச்சையும் அவசியமானால் மாத்திரையுமாகப் பெரும்பாலோர் குணமடைகிறார்கள் என்றும் அவர் நிதானமாக விளக்கியபோது, எனக்கு ஏற்பட்ட ஆறுதலைவிட வெட்கமே அதிகம். ஏனெனில் என் உத்தியோக காலத்தில், கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்த ஒரு பெண்ணை ஒரு பருவம் முழுவதும் என் வகுப்பு நேரத்தில் எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை; ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சோம்பேறி என்று அவளுக்கு நான் சூட்டிய பெயர் எவ்வளவு பெரிய பாதகம் என்பது என் வீட்டுக்குள் அதே கவிழ்ந்த தலையைக் கண்ட பிறகே எனக்கு விளங்கிற்று.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டார்கள்; அதாவது நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். மனச்சோர்வு வியாதி சிறு வயதில் ஆணென்றும் பெண்ணென்றும் பெரிதாகப் பேதம் பாராட்டுவதில்லை; பருவம் எய்திய பின்போ பெண்களிடம் ஏறக்குறைய இருமடங்காகிவிடுகிறது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் கண்ட உண்மை. ஆக, இவ்வியாதி வந்து கதவைத் தட்டுகிற வகுப்புகள் எட்டும் ஒன்பதும் பத்துமே. அந்த ஒன்பதாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் பேத்தி தேறி வந்தாள். முழு ஆண்டுத் தேர்வும் எழுதினாள். மதிப்பெண் குறைவுதான், ஆனால் தேர்ச்சி. அதன் பிறகு அவள் படித்த தனியார் பள்ளியின் தலைமையாசிரியை எங்களை வரவழைத்து, மிகுந்த மரியாதையுடன் நாற்காலி கொடுத்து உட்காரவைத்து, “அம்மா, நீங்களும் டீச்சரா இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா? பத்தாம் வகுப்புப் பாரத்தை இந்தப் பொண்ணு தாங்காது. மத்த பிள்ளைங்களுக்கும் ஒரு மாதிரியா இருக்கும். டீ.சி. வாங்கிக்கிட்டா எல்லாருக்கும் நல்லது” என்றார். மருத்துவரின் குறிப்பைக் காட்டினோம், அவர் படிக்கவில்லை. அலுவலகத்துக்குப் போனால், எழுத்தர் மேஜை இழுப்பறையைத் திறந்து, ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில் என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு வேண்டுகிறேன்’ என்று முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைத்திருந்த தாள்களில் ஒன்றை எடுத்து நீட்டினார். என் மகள் அதில் கையெழுத்திடும்போது அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது தாளுக்குக் குறையாது. சான்றிதழில் பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் ‘பெற்றோர் வேண்டுகோளின்படி’ என்று ஊதா மையில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

சட்டம் இங்கே எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்ததும் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடுகிறது. வியாதி வருகிற வயதும் பாதுகாப்பு போகிற வயதும் ஒன்றாகவே இருக்கின்றன. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்றுவந்த 17 வயதுப் பெண்ணொருத்தியின் மரணம் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்றும், சிறிய நிலையங்கள் வெளியிலுள்ள நிபுணர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், படிப்பை வைத்து மாணவரைப் பகிரங்கமாக அவமதிப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது. பேத்தியின் பள்ளியிலும் ‘ஆலோசனை அறை’ என்று பலகை மாட்டிய அறை ஒன்று உண்டு. அதன் பூட்டிய கதவின் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். வாலிபால் வலையும் விளையாட்டு விழாக் கொடிகளும் கிடந்தன.

அந்தத் தலைமையாசிரியை மீது எனக்குத் தனிப்பட்ட துவேஷம் கிடையாது. நூறு என்ற எண் தொண்ணூற்றொன்பதாக இறங்கினால் நிர்வாகம் அவரைக் கேட்கும். அடுத்த வருஷச் சேர்க்கை குறையும். அவரும் மாதச் சம்பளக்காரர். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் பிள்ளைகளை வதைக்கிறது என்றுதானே 2017இல் அரசாங்கமே அதை நிறுத்தியது? தரவரிசை போனபின், நூறு சதவீதப் பதாகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இவ்விரண்டில் இதுவே கொடியது என்பது என் அபிப்பிராயம். தரவரிசை பின்தங்கியவளை வருந்த வைத்தது; இதுவோ பின்தங்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிறவளை, அதிலும் எழுந்து நடக்கத் தொடங்கியிருக்கிற நோயாளியை, தோழிகளிடமிருந்தும் பழகிய வகுப்பிலிருந்தும் பிரித்துத் தெருவில் விடுகிறது. டீ.சி. வாங்கி வந்த அன்றிரவு இரண்டு மணிக்குப் பேத்தி என்னை எழுப்பி, “பாட்டி, நான் அவ்வளவு கெட்டவளா?” என்று கேட்டாள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை நாங்கள் அழைத்தது அந்த இரவில்தான். அந்த நேரத்திலும் ஒருவர் எடுத்தார்; தமிழில் பேசினார்; அவள் மூச்சு சீராகும் வரை தொடர்பைத் துண்டிக்கவில்லை. முகமறியாத அந்த மனிதருக்கு இருந்த பொறுமை, ஆறு வருஷம் தினமும் அவள் முகத்தைப் பார்த்த பள்ளிக்கு இல்லாமற் போயிற்றே என்பதுதான் என் ஆற்றாமை.

இப்போது அவள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகும் நாளில் வருகைப் பதிவேட்டைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. சேர்க்கைக்கு அரசுப் பள்ளி இருப்பதை அறிந்த குடும்பம் எங்களுடையது. அறியாத குடும்பங்களில் இப்படி வெளியேற்றப்பட்ட பெண்கள் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பு முடியும் வரை, சிகிச்சையில் இருக்கும் எந்த மாணவிக்கும் மருத்துவரின் எழுத்துமூலமான ஆலோசனையின்றி மாற்றுச் சான்றிதழ் வழங்கலாகாது என்று அரசாங்கம் ஆணையிட வேண்டும். அதற்கு முன்னால், உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளியை விட்டு நீங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் பொதுத் தொகுப்புக்கு மாற்றப்படுகிறது. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டந்தோறும் கல்வி அலுவலர் இருக்கிறார். அவர் அந்தப் பதிவைத் திறந்து, இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்போடு ‘பெற்றோர் வேண்டுகோளின்படி’ வெளியேறிய பெண்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தாயையும் தொலைபேசியில் அழைத்து, அந்த வேண்டுகோளை எழுதியது யார் என்று கேட்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
தஞ்சாவூர் மாவட்டம்.