பூட்டத் தெரியாததற்குப் பூட்டு பொறுப்பல்ல

வீட்டு ரவுட்டரில் விளம்பரங்களைத் தடுப்பது வீண் வேலை என்று சென்ற இதழில் வந்த கட்டுரை நான்கு குற்றச்சாட்டுகளை வைக்கிறது. அது வேலை செய்யாது; செய்தாலும் வீட்டில் எல்லாம் கெட்டுப்போகும்; பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போதும்; எழுதிப் பிழைப்பவர்களிடம் திருடுவதும் இதுவும் ஒன்று. நான்கில் முதலாவதை மட்டுமே கட்டுரையாளர் தானே செய்துபார்த்து எழுதியிருக்கிறார். அங்கிருந்தே தொடங்குகிறேன். அவர் தரும் சாட்சியம் முழுக்க அவருக்கு எதிராகவே நிற்கிறது.

அவர் செய்தது இது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருளை நிறுவினார். ரவுட்டரில் முதல் டிஎன்எஸ் முகவரியாக அதைக் கொடுத்தார். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது இடத்தில் கூகுளின் 8.8.8.8-ஐப் போட்டார். மடிக்கணினியில் விளம்பரங்கள் ஒரு நேரம் மறைந்தன, ஒரு நேரம் வந்தன. கைப்பேசியில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் மின்வெட்டுக்குப் பிறகு பக்கங்கள் திறக்கவே நெடுநேரம் ஆனது, விளம்பரங்களும் மொத்தமாகத் திரும்பிவிட்டன. கழற்றி வைத்துவிட்டார். இதை வைத்து ஒரு தொழில்நுட்பத்துக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

இந்த மூன்றும் இந்த வேலையில் கை வைத்த எவருக்கும் தெரிந்த அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு. ஒன்றையாவது தேடிப் பார்த்ததற்கான தடயம் அவருடைய கட்டுரையில் இல்லை.

ஒரு செயலி எந்தத் தளத்தைத் தொடர்புகொள்ளும் முன்பும் அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. பை-ஹோல் அந்தக் கேள்வியைத் தான் வாங்கிக்கொள்கிறது. கேட்ட பெயர் தடுப்புப் பட்டியலில் இருந்தால் 0.0.0.0 என்று பதில் சொல்கிறது. தொடர்பு அங்கேயே முடிந்துவிடும். அதன் வேலை இவ்வளவுதான். எனவே வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் அதனிடம் மட்டுமே கேட்டாக வேண்டும். வேறொருவரிடம் கேட்க வழி இருந்தால், அந்த வழியாக விளம்பரம் வரும்.

கட்டுரையாளர் அந்த வழியைத் தன் கையாலேயே திறந்துவைத்தார். இரண்டாவது டிஎன்எஸ் முகவரி, முதலாவது படுத்தால் மட்டும் எழுந்து வரும் காவல்காரர் என்று நினைத்துவிட்டார். பல கருவிகள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். பை-ஹோலைக் கேட்டபோது விளம்பரம் மறைந்தது, 8.8.8.8-ஐக் கேட்டபோது வந்தது. இரண்டாவது இடத்தைக் காலியாக விட வேண்டும். ரவுட்டர் அதை ஏற்காவிட்டால் இன்னொரு பை-ஹோலை அங்கே வைக்க வேண்டும்.

கைப்பேசிக்கு வருவோம். நம் நாட்டு இணைப்புகளில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இன்று பரவலாக இருக்கிறது. பழைய முறையான ஐபிவி4-க்கு நீங்கள் எந்த டிஎன்எஸ்ஸைக் கொடுத்திருந்தாலும், ரவுட்டர் தன் ஐபிவி6 அறிவிப்பில் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைச் சொல்லிவிடலாம். கைப்பேசி அதையே பிடித்துக்கொள்ளும். அந்த அறிவிப்பிலும் பை-ஹோலின் முகவரியைக் கொடுக்க வேண்டும், அல்லது டிஎன்எஸ் சொல்வதையே அதில் நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பும் இருக்கிறது. அதில் ஒரு வெளிச் சேவையின் பெயர் எழுதப்பட்டிருந்தால் கைப்பேசி உங்கள் வீட்டுப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது; கேள்விகளை மறையாக்கம் செய்து 853-ஆம் போர்ட் வழியாக நேரே அங்கே அனுப்பும். இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பை-ஹோலின் கேள்விப் பதிவைத் திறந்து, கைப்பேசி அதில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். தெரியாவிட்டால் அது வேறெங்கோ கேட்கிறது. மடிக்கணினியில் என்எஸ்லுக்கப் கட்டளையைக் கொடுத்தால் பதில் சொன்ன சர்வர் எது என்று முதல் வரியிலேயே வரும்.

மின்வெட்டு விஷயம் இன்னும் எளியது. அவர் பை-ஹோலுக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்திருக்கிறது. வீட்டுக் கருவிகள் பழைய முகவரியைத் தட்டிப் பார்த்து, பதில் வராமல் காத்திருந்து, பிறகு 8.8.8.8-க்குப் போயிருக்கின்றன. தாமதமும் அதனால், விளம்பரங்கள் திரும்பியதும் அதனால். முகவரியை ஒதுக்கிவைப்பது, கருவிகளுக்கு முகவரி வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் ஒரு வரி வேலை. ராஸ்பெரி பையையும் ரவுட்டரோடு சேர்த்து ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருக்க வேண்டும். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் அதன் மெமரி கார்டு கெட்டுப்போவது திடீரென்று அணைவதால்தான்.

நியாயமாக அவர் சொல்லியிருக்கக்கூடிய ஒரு சிரமம் உண்டு. அதை அவர் சொல்லவே இல்லை. சேவை நிறுவனங்கள் பொருத்தும் பெட்டிகள் சிலவற்றில் டிஎன்எஸ்ஸை மாற்றவே விடமாட்டார்கள். அப்போது அந்தப் பெட்டியின் டிஎச்சிபியை அணைத்துவிட்டு அந்தப் பொறுப்பைப் பை-ஹோலிடமே ஒப்படைக்கலாம். இல்லாவிட்டால் ஓப்பன் டபிள்யூஆர்டி மென்பொருள் போட்ட சொந்த ரவுட்டரை அதன் பின்னால் வைத்து, தடுப்பையும் அதிலேயே செய்துகொள்ளலாம்.

இரண்டாவது குற்றச்சாட்டு, வீட்டில் எல்லாம் கெட்டுப்போகும் என்பது. என் வீட்டிலும் முதல் வாரத்தில் ஒரு வங்கிச் செயலி திறக்கவில்லை. பேராசையில் ஏழெட்டுப் பட்டியல்களைச் சேர்த்திருந்தேன், தவறு என்னுடையது. கேள்விப் பதிவைப் பார்த்தேன். செயலியைத் திறக்க முயன்ற அதே நொடியில் எந்தப் பெயர் தடுக்கப்பட்டது என்று சிவப்பில் இருந்தது. அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்தேன், செயலி திறந்தது. கூடுதல் பட்டியல்களை நீக்கிவிட்டு, பை-ஹோலோடு வரும் ஸ்டீவன் பிளாக் பட்டியலோடு நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு மூன்று முறைதான் கை வைக்க வேண்டியிருந்தது.

எங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு புகார் மிஞ்சியது. கூகுளில் தேடினால் மேலே முதலில் வருவதைத் தொட்டால் திறக்கவில்லை என்றார். அது விளம்பரம், கீழே இருப்பதைத் தொடுங்கள் என்றேன். கட்டுரையாளர் இதே அனுபவத்தைக் குறையாக எழுதுகிறார். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, மேலே மின்னிய போலி எண்ணை அழைத்துப் பணத்தை இழந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தேடல் விளம்பரங்கள் வழியாக நிறுவனங்களைப் போல வேடமிடும் மோசடியைப் பற்றி எச்சரித்து, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் பொது அறிவிப்பே வெளியிட்டது. அம்மாவின் கைப்பேசியில் திறக்காமல் போன அந்த முதல் சுட்டியை நான் பாதுகாப்பு என்பேன். கட்டுரையாளர் கோளாறு என்கிறார்.

எக்ஸ்டென்ஷன் போதும் என்பது மூன்றாவது வாதம். யூட்யூப் விளம்பரங்கள் இதில் நிற்கவில்லை என்பதை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார். உண்மைதான், நிற்காது. விளம்பரமும் காணொளியும் ஒரே பெயரிலிருந்து வருகின்றன. டிஎன்எஸ்ஸுக்குப் பெயர் மட்டுமே தெரியும், பக்கத்துக்குள் இருப்பது தெரியாது. அதற்கு யூபிளாக் ஆரிஜின் போன்ற எக்ஸ்டென்ஷன் தேவைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்மார்ட் டிவியில் அதை எங்கே பொருத்துவார்? 2017-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் விசியோ நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு 22 லட்சம் டாலரில் முடிந்தது. 1.1 கோடி தொலைக்காட்சிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் சம்மதமின்றிச் சேகரித்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. திரையில் ஒரு விளம்பரமும் தெரியாமலே நடந்த வேவு அது. பிரவுசருக்குள் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு அது கண்ணிலேயே படாது. டிவி வெளியே பேசும்போது கடக்கும் வாசல் ரவுட்டர். காவல் அங்கேதான் வேண்டும்.

திருட்டு என்ற சொல்லுக்கு வருகிறேன். கட்டுரையிலேயே பொறுப்பற்ற சொல் அதுதான். ஒரு சிறுபத்திரிகை தன் தளத்திலேயே ஒரு ஜவுளிக் கடையின் விளம்பரப் படத்தை வைத்தால், பை-ஹோல் அதைத் தடுக்காது. தளத்தின் பெயர் திறந்தால் அதிலுள்ள படமும் திறக்கும். தடுக்கப்படுவது பத்திரிகைக்கும் வாசகருக்கும் நடுவே நுழைந்து, ஊர் ஊராக, தளம் தளமாக வாசகரைப் பின்தொடரும் இடைத்தரகர்களின் பெயர்கள். அந்தத் தரகு வழியாக என்ன வரும் என்று பத்திரிகைக்கே தெரியாது. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி ஆகியவற்றின் தளங்களிலேயே விளம்பர வலையமைப்புகள் வழியாகத் தீநிரல் வந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்களும் அதில் இருந்தன. செய்தி படிக்க வந்தவரிடம் அந்த ஆபத்தையும் ஏற்றுக்கொள் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. விளம்பரத் தடுப்பு மென்பொருள் சட்டவிரோதமல்ல என்று ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. சட்டமே கூடாது என்று சொல்வதை என் வீட்டு வாசலில் நான் நிறுத்தினால் திருடன் நானா? எழுத்தாளருக்குப் பணம் சேர வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவர் சந்தா கட்டுவார். நான் கட்டுகிறேன்.

கட்டுரையில் ஒரு வாக்கியம் மட்டும் சரி. வீட்டிலுள்ள எல்லாருடைய இணைய நடமாட்டமும் ஒருவர் கையில் பதிவாகச் சேர்கிறது என்கிறார். ஆம், சேர்கிறது. மனைவியும் பிள்ளைகளும் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று கணவர் பார்க்க முடியும் என்றால், வெளி வேவை ஒழித்து உள் வேவைக் கொண்டுவந்ததாகிவிடும். பை-ஹோலில் தளப் பெயர்களையும் கருவிகளையும் பதிவில் மறைக்கும் நிலைகள் உண்டு. நான் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு மறைத்து வைத்திருக்கிறேன். பழுது பார்க்கும்போது மட்டும், அவர்கள் அறிய, திறக்கிறேன். இது அமைப்பவரின் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி. கட்டுரையாளர் இதை விரிவாக எழுதியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஒரு வாக்கியத்தோடு கடந்துவிட்டார்.

அந்த ராஸ்பெரி பை இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கும். நிலையான முகவரி கொடுங்கள், 8.8.8.8-ஐ எடுத்துவிடுங்கள், ஐபிவி6 அறிவிப்பைத் திருத்துங்கள், கைப்பேசியின் பிரைவேட் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். ஒரு ஞாயிறு காலை போதும். பிறகு இதே பக்கங்களில் ஒரு திருத்தம் எழுதுங்கள். உங்கள் கட்டுரையை நம்பி, தங்கள் வீட்டு வாசலைக் காப்பது முடியாத காரியம் என்று கைவிட்டவர்களுக்கு நீங்கள் அதைக் கடன்பட்டிருக்கிறீர்கள்.