கண்ணுக்கு முன் கால்!

சென்ற ஆண்டு விழாவில் நான் பரிசு பெற்ற வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். "உன் மூஞ்சி ஏன்டா இப்படி ஆடுது?" என்றார். களையெடுப்புக் கூலியை விட்டு விழாவுக்கு வர இயலாதவர் அவர்.

காரணம் எளிய இயற்பியலே. ஜூம் லென்ஸ் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கினால், கையின் நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும்! சில லென்ஸ்களில் ஜூம் செய்யச் செய்ய ஒளித்துளையும் சுருங்கும், எஃப் 2.8 என்பது 5.6 ஆனால், ஒளி கால் பங்கே!

ஆகவே தோழர்களே, விழாவைப் படம்பிடிப்போர் நீண்ட லென்ஸைத் தேடுமுன், குலுங்காமல் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் பொருத்திய முக்காலியைத் தேடட்டும். பிறகு துளை மாறாத லென்ஸ். வர இயலாத பெற்றோருக்கு அந்தப் படமே விழா! அது ஆடலாமா?