முதலில் எதைக் கட்டுவது?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஒட்டன்சத்திரத்தில் நம் வீட்டு அம்மி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொல்லைப்புறத்து வேப்பமரந்தான் சென்ற ஆடி முதல் வாரத்தில் சாய்ந்துவிட்டது. அன்று மாலையே மூன்று பேர் அதற்கு உரிமை கொண்டாடினார்கள். ஆடுகளுக்குப் பரண் வேண்டும் என்றார் தாயார். அவரைக்கும் பீர்க்கைக்கும் பந்தல் வேண்டும் என்றாள் இல்லத்தரசி. கோழிக்கூடு வேண்டும் என்று பிடிவாதம் செய்தான் புதல்வன். தச்சரை அழைக்காமல் நாமே கட்டவேண்டும் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் மூவரும் ஏகமனதாக இருந்தார்கள்.

இத்தகைய சமயங்களில் செலவு எது குறைவு, லாபம் எது அதிகம் என்றுதான் எல்லோரும் பார்ப்பது வழக்கம். அவை அவசியமான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கட்டுகிறவன் தவறு செய்தால் அதன் பலனை அநுபவிக்கப்போவது யார்?

இதை நாம் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. முந்தின ஆண்டு, மர அறுவைக்கடையில் அப்போதுதான் அறுத்த பலகைகளை வாங்கி வந்து ஒரு கோழிக்கூடு செய்தோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. அடுத்த வீட்டு ஆத்தா மகளைப் பார்க்க வெளியூர் புறப்பட்டபோது, தாய்க்கோழியையும் ஒன்பது குஞ்சுகளையும் நம்மிடம் ஒப்படைத்துச் சென்றாள். ஈரப் பலகை வெயிலில் காயக் காயச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாது. கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்ததையும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கூட்டில் இறகுகள் மட்டுமே கிடந்தன. மரநாய் வந்துபோயிருந்தது.

ஊர் திரும்பிய ஆத்தா கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பலகை பச்சை, சாமி. வாத்தியாருக்கு யாரு சொல்லிக் குடுத்திருக்கா?" என்றாள். மறு சந்தையில் வேறு கோழி வாங்கிக் கொடுத்தோம், பெற்றுக்கொண்டாள். ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

ஆகவே இம்முறை மூன்றையும் நிதானமாக நிறுத்துப் பார்த்தோம். ஆட்டுப் பரண் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் நிற்கவேண்டும். புழுக்கை கீழே விழும்படி சட்டங்களுக்கிடையே அரை அங்குலம் இடைவெளி விடவேண்டும். அதற்கு மேல் விட்டால் குளம்பு சிக்கிக் கால் ஒடியும். ஓர் ஆட்டுக்குச் சுமார் பத்துச் சதுர அடி இடம் தேவை. நான்கு ஆடுகளின் பாரத்தையும் துள்ளலையும் தாங்கும்படி இணைப்புகள் இருக்கவேண்டும். கைதேர்ந்தவர் செய்யவேண்டிய காரியம் இது. கோழிக்கூட்டுக்கு மரம் குறைவாகவே பிடிக்கும். ஆனால் ஒரே ஓர் இடுக்கு போதும் என்பதை நாம் கண்டுகொண்டோம்.

பந்தலின் சுபாவம் வேறு. கால் சற்றுக் கோணினாலும் பீர்க்கங்கொடி குறை சொல்லாது. பச்சை மரம் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். ஒரு குறுக்குக் கழி முறிந்தால் நஷ்டம் நான்கு காய்கள்தான்; மறுநாள் வேறொரு கழி கட்டிவிடலாம். கற்றுக்கொள்ளும் கைக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடையாது.

"காய்கறி மார்க்கெட்டுக்குப் பெயர்போன ஊரில் பந்தல் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். இங்கிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்குக் காய் போவது உண்மையே. சுற்று வட்டாரத் தோட்டங்களில் கல்தூணும் கம்பியும் கொண்ட பந்தல்களும் உண்டு. அவை விற்பனைக்கு, இது ஒரு குடும்பத்தின் குழம்புக்கும், குழந்தைகளின் கைப்பழக்கத்துக்கும்.

வேம்பின் கிளைகளில் நேரானவை ஒன்பதைத் தேர்ந்து, பட்டை உரித்து, மண்ணில் புதையும் பகுதிக்குத் தார் பூசினோம். கரையான் மண்ணிலிருந்துதான் ஏறுகிறது. பழைய வீடுகளில் மரத்தூணைக் கல்லின்மேல் நிறுத்தியதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இரண்டடி ஆழக் குழியில் அடியில் ஒரு கல்லை வைத்துக் காலை நட்டு, சுற்றிலும் ஜல்லி இட்டு இடித்தோம். ஆறரை அடி உயரத்தில் குறுக்குக் கழிகளைப் பரப்பிக் கயிற்றால் கட்டினோம். அடிமரத்தை மட்டும் அறுத்துப் பலகைகளாக்கி, ஊர்த் தச்சரின் யோசனைப்படி முதலில் தண்ணீர்த்தொட்டியில் ஊறப்போட்டு, பின்பு நிழலில் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு காயவேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதுவரை கோழிக்கூடு காத்திருக்கும்.

1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் மகாத்மா காந்தி, கைத்தொழிலின் வழியாகவே குழந்தைகளுக்குக் கல்வி புகட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். நம் திண்டுக்கல் சீமையிலேயே, சின்னாளபட்டியை அடுத்து, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவி அந்தக் கொள்கைக்கு உருக்கொடுத்தார்கள். இவற்றையெல்லாம் வகுப்பில் நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் பட்டம் பெற்று இருபது ஆண்டு ஆசிரியராக இருந்த நமக்கு, பச்சைப் பலகைக்கும் காய்ந்த பலகைக்கும் பேதம் தெரியவில்லை. அதற்கு விலை கொடுத்தவை ஒன்பது குஞ்சுகளும் அவற்றின் தாயும்.

கொல்லையில் எதையேனும் கட்ட நினைக்கும் நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான். எது நம் பிழையை மன்னிக்குமோ, அதை முதலில் கட்டுங்கள். உயிர்களை நம்பி ஒப்படைக்கவேண்டியதைக் கை பழகிய பிறகு கட்டுங்கள்.

புரட்டாசியில் பீர்க்கு காய்த்தது. முதல் காய்களை ஆத்தா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அவள் நேரிலேயே வந்து, பந்தல்காலை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். ஒன்று ஆடிற்று. "இதுக்கு ஆப்பு அடிக்கணும், சாமி" என்றாள். அன்று மாலையே புதல்வனும் நாமும் ஆப்பு அடித்தோம்.