பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்குமுன்

மலாக்கா கரையின் கலங்கிய கடலையே பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்குக் கடலிலிருந்து எழும் மலையைக் காட்ட விரும்பினால், தியோமான் தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள குனோங் காஜாங் 1,038 மீட்டர் உயரம். மேகத்தை மலை தடுப்பதால் தீவில் ஓடைகளுக்குக் குறைவில்லை. பாய்மரக் காலத்தில் சீன, அரபுக் கப்பல்கள் குடிநீருக்காக அங்கே ஒதுங்கியது அதனால்தான்.

பணம் சேர்க்கத் தொடங்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். டிசம்பரில் போகலாம் என்று நானும் ஒருமுறை பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தேன். துணிப்பையைக் கட்டி வைத்த சின்னவளின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். தென் சீனக் கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும், விடுதிகள் பலவும் மூடிவிடும். நம் பக்கத்துக் கடலுக்குச் சுமத்ரா அரணாக நிற்கிறது. கிழக்குக் கரைக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆகவே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வரும் விடுமுறையைத் தேர்ந்தெடுங்கள். மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. நீர் ஏறும் வேளை பார்த்தே படகு புறப்படும் என்பதால், நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். படகில் ஏறியதும் பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இறுக்குங்கள். வெயில்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

பயணம் ஒரு மாதம் தள்ளிப் போனால் பிள்ளை அழும்; பிறகு சிரித்துவிடும். கடலோடு மட்டும் பிடிவாதம் வேண்டாம், தாய்மார்களே!