பல கைகள் எழுதிய பீட ஓவியங்கள்

ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் இருக்கிறது ஓவியர் ரூபன்ஸின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’. சரிந்து இறங்கும் வெள்ளைத் துணியில் இயேசுவின் உடல் மெல்ல வழுக்கி வருகிறது. ஏணியின் உச்சியில் இருக்கும் முதியவர் துணியின் நுனியைப் பல்லால் கவ்விப் பிடித்திருக்கிறார். கீழே, உயிரற்ற பாதம் மதலேன் மரியாளின் தோளைத் தொடுகிறது. துப்பாக்கி வீரர் சங்கத்துக்காக 1611இல் தொடங்கி 1614இல் நிறைவுற்ற இந்த ஓவியத்தின் நடுப்பலகை மட்டுமே நான்கு மீட்டருக்கு மேல் உயரம்.

இத்தகைய பீட ஓவியங்களுக்கு அன்று பெரும் தேவை இருந்தது. 1566இல் அந்நகரத் தேவாலயங்களின் சிலைகளையும் படங்களையும் புராட்டஸ்டன்ட் கலகக்காரர்கள் உடைத்து நொறுக்கினார்கள். 1585இல் ஸ்பானியப் படை நகரைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாடு திரும்பியது. 1609இல் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் வந்தபின் பீடங்களை அலங்கரிக்கும் பணி சூடுபிடித்தது. குவிந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்து முடித்திருக்க முடியாது.

ரூபன்ஸ் 1610இல் வீடு வாங்கிப் பெரிய பட்டறை அமைத்தார். சிறு பலகையில் எண்ணெய் வண்ணத்தில் அவரே மாதிரி வரைவார். மாணவர்கள் அதைப் பெரிதாக்குவார்கள். தேவைப்பட்டால் விலங்குகளையும் இயற்கைக் காட்சிகளையும் அவற்றில் தேர்ந்தவர்கள் தீட்டுவார்கள். கடைசியில் ஆசிரியரின் தூரிகை படத்துக்கு முழுமை தரும். 1620இல் இயேசு சபையினர் தங்கள் தேவாலயக் கூரைக்கு 39 ஓவியங்கள் கேட்டபோது, மாதிரிகள் ரூபன்ஸ் கையால், பெரிய படங்கள் வான் டைக் முதலிய மாணவர்கள் கையால் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

இதில் ஒளிவுமறைவு இல்லை. 1618இல் ஆங்கிலத் தூதர் டட்லி கார்ல்டனுக்கு எழுதிய கடிதத்தில் ரூபன்ஸ் ஒவ்வொரு படத்திலும் யார் கை பட்டது என்பதை விலையோடு குறித்தார். ‘சிங்கக் குகையில் தானியேல்’ முழுக்கத் தம் கைவேலை, விலை 600 ஃப்ளோரின். ப்ரோமிதியஸைக் கொத்தும் கழுகு விலங்கு ஓவியர் ஸ்னைடர்ஸ் வரைந்தது. மாணவர் தொடங்கிய ‘இறுதித் தீர்ப்பை’த் தாம் திருத்தி முடித்தால் அசலுக்கு நிகராகும் என்று சொல்லி 1,200 ஃப்ளோரின் கேட்டார்.

இன்றோ ‘பட்டறைப் படைப்பு’ என்ற பெயர்ச்சீட்டைக் கண்டதும் பலர் கடந்து போய்விடுகிறார்கள். ஏலத்தில் விலை சரிகிறது. ஆனால் அன்று பீடத்தின் முன் மண்டியிட்டவர்களுக்கு வேண்டியிருந்தது பக்தியை எழுப்பும் படம். அதைத் திட்டமிட்டுத் தந்தது அந்தக் கூட்டுழைப்புதான். அரசவை ஓவியர் என்பதால் மாணவர்களை ஓவியர் சங்கத்தில் பதிவு செய்யும் கட்டாயம் ரூபன்ஸுக்கு இருக்கவில்லை. அதனால் அவர்களில் பலரின் பெயர்கள் நமக்குக் கிட்டாமலே போயின. பெயர் தெரியாத அந்தக் கைகளைத் தரக்குறைவின் அடையாளமாக எண்ணுவது அநீதி. ஆசிரியரின் மேதைமைக்குத் தரும் மரியாதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அருங்காட்சியகங்களும் பார்வையாளர்களும் அதை அவர்களுக்குத் தர வேண்டும்.