இன்ஹேலர் யார் பையில் இருக்க வேண்டும்?

ஆஸ்துமா உள்ள பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு முழு உறக்கம் வாய்ப்பதில்லை. பக்கத்து அறையிலிருந்து வரும் இருமலைக் கேட்டே, அது வெறும் சளியா, வீசிங்கா என்று அவர் அறிந்துவிடுவார். போகிப் புகை, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகை, ஆலைகளின் நெடி ஆகியவற்றுக்கு நடுவே பிள்ளையைக் காத்துவந்த அந்த விழிப்பு போற்றத்தக்கது. ஆயினும், பிள்ளை பதின்பருவத்தை எட்டும்போது அந்தப் பொறுப்பைச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடமே ஒப்படைப்பதும் பெற்றோரின் கடமை என்பது என் கருத்து.

புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அடிக்கடி காண்பது இது: பதினாறு வயது மகனிடம் "இரவில் இருமல் வருகிறதா?" என்று கேட்டால் தாய் விடை சொல்வார். என்ன மருந்து என்று கேட்டால் தந்தை பையைத் திறப்பார். மகன் தலைகுனிந்து அமர்ந்திருப்பான். பெற்றோர் சொல்லும் விடைகள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால், அந்த விடைகள் தெரிந்திருக்க வேண்டியவன் மகன்.

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தபின், திருவொற்றியூர்ப் பிள்ளைகள் நகரின் மறுகோடிக்கும் எளிதில் தனியே சென்று வர முடிகிறது. மூச்சு இரைக்கும் வேளையில் பெற்றோர் அருகில் இருப்பார்கள் என்று இனி உறுதி சொல்ல இயலாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் இருட்டில் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய இரவில், தன் மருந்து எங்கே இருக்கிறது, அதை எப்படி எடுப்பது என்பது பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"கண்டிப்பைத் தளர்த்தினால் மருந்தையே விட்டுவிடுவானே" என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. உடல் நலமாக இருக்கும்போது தினசரி இன்ஹேலரை நிறுத்திவிடுவதும், நண்பர்கள் முன் எடுக்கக் கூசுவதும் இவ்வயதில் மிகுதி. ஆனால், அதட்டினால் பிள்ளை மருந்தை எடுப்பதற்குப் பதிலாக, எடுத்ததாகச் சொல்லப் பழகிக்கொள்ளும். மகளின் இன்ஹேலரை யாரும் பார்த்துவிடக் கூடாது, வரன் தள்ளிப்போகும் என்று மறைக்கச் சொல்லும் வீடுகளும் உள்ளன. மறைத்து வைக்கும் மருந்து அவசரத்துக்குக் கைகொடுக்காது.

ஆகவே, படிப்படியாகச் செய்யலாம். பன்னிரண்டு, பதிமூன்று வயதில், தினமும் எடுக்கும் இன்ஹேலர் எது, இரைப்பு வரும்போது எடுக்கும் இன்ஹேலர் எது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பதினான்கு, பதினைந்தில், தினசரி மருந்தைத் தானே எடுத்து வாய் கொப்பளிக்கட்டும். நீங்கள் வாரம் ஒருமுறை மருந்தின் அளவை மட்டும் பாருங்கள். பதினாறு முதல், எங்களிடம் சில நிமிடங்கள் தனியே பேசட்டும். சிகரெட் பற்றிய கேள்விக்கு உண்மையான விடை பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கும். பதினெட்டுக்குள் மருத்துவக் குறிப்புகள் அடங்கிய கோப்பு பிள்ளையின் பொறுப்பில் இருக்கட்டும்.

இடையில் ஒருநாள் மருந்து மறந்துபோகும். அதற்காகப் பொறுப்பைப் பறித்துக்கொள்ள வேண்டாம். ஏன் மறந்தது என்று கேட்டு, பல் துலக்கும் வேளையோடு மருந்தையும் சேர்த்துப் பழக்குங்கள். ஆனால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத திணறல், உதடு நீலமாதல், அவசர இன்ஹேலர் எடுத்தும் தணியாத இரைப்பு ஆகியவற்றில் எந்த வயதிலும் பிள்ளையைத் தனியே விடலாகாது. உடனே 108-ஐ அழையுங்கள். அவசர இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால், நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். எங்களிடம் அழைத்து வாருங்கள்.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கேள்வியைப் பிள்ளையின் முகம் பார்த்துக் கேட்பதும், விடை தாமதமாக வந்தாலும் காத்திருப்பதும் எங்கள் பொறுப்பு. அடுத்த முறை வரும்போது மருத்துவரின் அருகிலுள்ள நாற்காலியில் உங்கள் மகனையோ மகளையோ அமரச் செய்யுங்கள். முதல் விடையைப் பிள்ளை சொல்லட்டும். விடுபட்டதை நீங்கள் பிறகு சொல்லலாம்.