மண்ணுக்கடியில் மதிற்சுவர் இல்லை

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு மொட்டை மாடியில் பெய்யும் மழைநீர் எங்கே போகிறது? மேலே படிக்குமுன் ஒருமுறை வெளியே சென்று பார்த்துவிட்டு வாருங்கள். சுவரோடு ஒரு குழாய் இறங்கியிருக்கும். அதன் கீழ்முனை எதில் முடிகிறது?

தமிழ்நாட்டில் கட்டடங்கள்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது எங்கள் தெருவிலும் அவசர அவசரமாகக் குழாய்கள் முளைத்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்தக் குழாய்களின் கதியைப் பார்த்தேன். பல குழிகளில் சருகும் மணலும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. ஒரு வீட்டில் குழாய் தரைக்குள் ஒரு சாண் ஆழம் போய் அங்கேயே முடிந்துவிட்டது. குழியே வெட்டப்படவில்லை! அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இயற்பியல் கற்பிக்கிற என் வீட்டுக் குழியும் அடைத்துத்தான் கிடந்தது.

அன்று ஒரு பெரியவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். “சார், நான் காசு செலவழித்துக் குழியைச் சரி செய்தால், அந்தத் தண்ணீர் என் கிணற்றிலேயே நிற்குமா? பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு இழுத்துக்கொள்வார். நான் எதற்கு மெனக்கெட வேண்டும்?”

நியாயமான கேள்வி. இயற்பியலும் முதலில் அவர் பக்கம்தான் பேசுகிறது. மண்ணுக்கடியில் நீர் என்பது குகைக்குள் தேங்கிய குளமன்று. மணல் துகள்களுக்கிடையே உள்ள இடுக்குகளில் அது நிறைந்திருக்கிறது. ஓரிடத்தில் நீரை ஊற்றினால் அங்கு நீர்மட்டம் சிறு மேடாக உயர்ந்து, பிறகு நாலாபுறமும் மெல்லப் பரவும். ஓரிடத்தில் மோட்டார் வைத்து இறைத்தால் அங்கு நீர்மட்டம் புனல்போல் குழிந்து, சுற்றியுள்ள நீர் அதை நோக்கி நகரும். யார் வீட்டு எல்லை எது என்பது நீருக்குத் தெரியாது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் கிடைப்பது சரியாக 1 லிட்டர். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை 900 மி.மீ.க்குச் சற்று அதிகம். 900 என்றே கொள்வோம். மாடியின் பரப்பு 80 சதுர மீட்டர் என்றால் ஆண்டுக்கு 72,000 லிட்டர். ஆவியாவது, சிதறுவது, முதல் மழையின் அழுக்கோடு வெளியே விடுவது என ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 57,600 லிட்டர் மிஞ்சும்.

இதை ஒரே ஒரு வீடு மண்ணுக்குள் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வீடுகளும் சாலையும் சேர்ந்த ஒரு தெருவின் பரப்பு 8,000 சதுர மீட்டர் இருக்கட்டும். அந்த நீர் தெரு முழுவதும் பரவினால் 7.2 மி.மீ. உயரம் வரும். மண்ணில் நீர் புகுந்து வெளியேறக்கூடிய இடம் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், கிணற்று மட்டம் 3.6 செ.மீ. உயரும். ஓராண்டு உழைப்புக்கு ஒரு தீப்பெட்டியின் அகலம்! பெரியவர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறதல்லவா?

இப்போது நாற்பது வீடுகளும் அதையே செய்யட்டும். 3.6 செ.மீ. நாற்பது மடங்காகி 144 செ.மீ. ஆகிறது. கிணற்றின் உறைவளையங்களை எண்ணிப் பார்க்கிற எவர் கண்ணுக்கும் இது தெரியும். (நீர் தெருமுனையோடு நின்றுவிடாது, இடையில் இறைக்கவும் செய்வோம், களிமண் பகுதியில் கணக்கு மாறும். ஆகவே உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறையும். ஆயினும் ஒன்றுக்கும் நாற்பதுக்கும் உள்ள விகிதம் மாறாது.) ஆகவே பெரியவரின் கேள்விக்கு விடை “செய்யாதீர்கள்” என்பதன்று, “தனியாகச் செய்யாதீர்கள்” என்பதே.

நாற்பது வீடுகளின் மொத்தம் 23 லட்சம் லிட்டர். 2019 ஜூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்தார்கள். ஐம்பது வேகன்கள் கொண்ட ஒரு ரயில் சுமந்தது 25 லட்சம் லிட்டர். ஏறத்தாழ ஒரு தெரு தன் மாடிகளிலிருந்து ஆண்டுதோறும் சாக்கடையில் விடுகிற அளவு!

கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இன்னும் ஒரு செய்தி. கடல்நீரின் அடர்த்தி 1.025. நன்னீர் அதைவிட இலேசானது. ஆதலால் நிலத்தடியில் உப்புநீர்மேல் மிதக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே 1 மீட்டர் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் மேலேறும். ஒருவர் அளவின்றி இறைத்தால் தெரு முழுவதும் உப்புக் கரிக்கக்கூடும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் பற்றிப் படித்திருப்பீர்கள். கணக்குக் காட்டாதவர் வாரியத்தில் மீண்டும் இடம்பெற முடியாது என்பதும் அதில் உண்டு. ஏரி கண்ணுக்குத் தெரிந்தது, ஊருக்குப் பொதுவாயிற்று. கிணற்றடி நீர் கண்ணுக்குத் தெரியாததால் அவரவர் சொத்தாகிவிட்டது. 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் நிலத்தடி நீரை எடுக்கும் உரிமையை நிலத்துக்காரரிடமே விட்டது.

“வரி கட்டுகிறோமே, இதெல்லாம் நகராட்சியின் வேலையல்லவா?” என்பார்கள். கால்வாய் தூர்வாருவதும் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதும் அவர்கள் வேலைதான். கேட்டு வாங்க வேண்டும். ஆனால் உங்கள் மாடிக்கு எந்த அதிகாரி மாதாமாதம் வந்து சருகைக் கூட்டப் போகிறார்?

தெருவைச் சீர்திருத்துவதென்றால் ஒருநாள் துடைப்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வது என்றாகிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சலிப்பான ஒரு வேலையை ஆண்டு முழுவதும் செய்பவர்களால்தான் தெரு மாறும் என்பது என் கருத்து. அந்த வேலைக்கு மாணவர்களே ஏற்றவர்கள்.

உங்கள் தெருவில் திறந்த கிணறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறுதோறும் விடியற்காலையில், மோட்டார்கள் ஓடத் தொடங்குமுன், வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் நிற்க, கல் கட்டிய கயிற்றை இறக்குங்கள். எட்டிக் குனியாதீர்கள், கல் நீரைத் தொடும் ஓசை போதும். சுவர் விளிம்பிலிருந்து நீர்வரை உள்ள நீளத்தை நோட்டில் எழுதுங்கள். பக்கங்கள் நேராக உள்ள டப்பா ஒன்றை மாடியில் வைத்தால் மழை அளவும் கிடைக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தாளில் குறித்து, தெருவில் எல்லோரும் கூடும் மளிகைக் கடையில் ஒட்டிவையுங்கள்.

எங்கள் தெருப் பெரியவர் இன்னும் குழியைச் சரி செய்யவில்லை. ஆனால் பிள்ளைகள் கயிற்றோடு போகும்போது, “இன்று எவ்வளவு?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்குமுன் நான்கு வார அளவுகளாவது நோட்டில் ஏறியிருந்தால்தான் பிறகு ஒப்பிட்டுக் காட்ட முடியும்.